நிர்வாகி செய்வாரா, ரூட் செய்யுமா? பயனர் பொறுப்புகளுக்குச் சொல் தேர்வது எப்படி

மென்பொருளைத் தமிழாக்கும்போதோ உதவிக்குறிப்பு எழுதும்போதோ முதலில் தடுக்கி விழும் இடம் இது. ரூட் (கணினியில் எதையும் மாற்றக்கூடிய கணக்கு), அட்மின், சூப்பர்யூசர் எல்லாவற்றுக்கும் ‘நிர்வாகி’ என்று போட்டுவிட்டால் வேலை முடிந்த மாதிரிதான் இருக்கும். படிப்பவருக்குத்தான் முடியாது.

1. சொல்லை விடுங்கள், கணக்குகளைப் பாருங்கள். லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவில் ஒவ்வொரு கணக்குக்கும் ஓர் எண் உண்டு. ரூட்டுக்கு 0. நாம் உருவாக்கும் பயனர்களுக்கு 1000 முதல். இடையில் இருப்பவை பெரும்பாலும் அச்சு, வலைச் சேவையகம் போன்றவற்றுக்கானவை. அவற்றின் பின்னால் ஆளே கிடையாது.

2. திணை பாருங்கள். பள்ளியில் படித்த உயர்திணை, அஃறிணைதான். சொல்லுக்குப் பின் ஒரு வினைமுற்றைச் சேர்த்துப் பாருங்கள். ‘நிர்வாகி நிறுவுவார்’ சரி. ‘ரூட் நிறுவுவார்’ இடிக்கிறதா? ரூட் ஆள் அல்ல, கணக்கு. நிர்வாகி என்பவர் ரூட்டின் அதிகாரத்தைத் தேவைப்படும்போது வாங்கிக்கொள்ளும் மனிதர். உபுண்டுவில் அவர் ‘சூடோ’ குழுவிலும் இன்னொரு லினக்ஸான ஃபெடோராவில் ‘வீல்’ குழுவிலும் இருப்பார். ரூட்டையும் நிர்வாகியையும் ஒரே சொல்லால் குறித்து ‘நிர்வாகியாக நுழையவும்’ என்று எழுதினால், உபுண்டுக்காரர் ரூட்டாக நுழையப் பார்ப்பார். அங்கே ரூட்டின் கடவுச்சொல் இயல்பாகவே பூட்டப்பட்டிருக்கும்.

ஆளில்லாத கணக்குகளைப் ‘பயனர்’ என்பதும் இதே சிக்கல்தான். ‘சேவைக் கணக்கு’ போதும்.

3. ரூட்டை மொழிபெயர்க்க வேண்டுமா? வேண்டாம் என்பது என் கட்சி. முனையத்தில் (கட்டளை எழுதும் சாளரம்) தட்டப்போவது அந்தப் பெயரைத்தான். ‘வேர்ப் பயனர்’ என்றால், எல்லாக் கோப்புறைகளுக்கும் மேலே இருக்கும் வேர் அடைவோடு (அதுவும் ஆங்கிலத்தில் ‘ரூட்’தான்) குழம்பும். ஆங்கிலத்தில் இருக்கும் குழப்பத்தை நாம் ஏன் இறக்குமதி செய்ய வேண்டும்?

4. ‘உரிமை’யைக் கவனமாகச் செலவழியுங்கள். கோப்பின் சொந்தக்காரர் ‘உரிமையாளர்’ என்றாகிவிட்டது. படிக்க, எழுத, இயக்கத் தருவதையும் ‘உரிமை’ என்றால், ‘உரிமையாளருக்கு உரிமை இல்லை’ என்று எழுத நேரும். சிரிப்பதற்கில்லை, லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸில் தன் கோப்பையே படிக்க முடியாத உரிமையாளர் இருக்கலாம். அதற்கு ‘அனுமதி’ என்று வையுங்கள். நிர்வாகிக்குக் கூடுதலாக இருப்பது ‘அதிகாரம்’.

‘விருந்தினர்’ பழகிய சொல், அப்படியே விடலாம். விண்டோஸின் ஸ்டாண்டர்ட் யூசரைத் ‘தரநிலைப் பயனர்’ ஆக்காதீர்கள். அவர் சாதாரணப் பயனர்.

5. முழு வாக்கியமாகச் சோதியுங்கள். ‘இதை நிறுவ நிர்வாகி அதிகாரம் தேவை. உங்கள் கடவுச்சொல்லைத் தட்டவும்.’ இதைக் கணினிக்குப் புதியவரிடம் காட்டுங்கள். “யாருடைய கடவுச்சொல்?” என்று கேட்டால் இரண்டாம் படிக்குத் திரும்புங்கள்.