தலை முழுவதும் முடி கொட்டும்போது காரணத்தைக் கண்டறியும் முறை

பரவலாக முடி கொட்டத் தொடங்கியவர், அண்மையில் மாற்றிய ஷாம்புவையோ கொழும்புக் குழாய்நீரையோ குறை சொல்வதற்கு முன், கடந்த இரண்டு மூன்று மாதங்களில் தம் உடலுக்கு என்ன நேர்ந்தது என்பதை நினைவுகூர வேண்டும். உடல் பெரிதாகத் தாக்கப்படும்போது, வளர்ந்துகொண்டிருக்கும் முடிகளில் கணிசமான பங்கு ஒரேயடியாக ஓய்வுநிலைக்குச் செல்கிறது. அவ்வாறு ஓய்ந்த முடி உடனே விழாமல் ஏறக்குறைய 3 மாதங்கள் தோலிலேயே தங்கியிருப்பதால், காரணம் மறந்துபோன பின்னரே உதிர்வு கண்ணில் படுகிறது. ஜூன், ஜூலை மாதங்களில் டெங்குவில் படுத்தெழுந்தவர்கள் செப்டெம்பரில் சீப்பைப் பார்த்துக் கலங்குவது இதனால்தான். மகப்பேறு, சத்திரசிகிச்சை, பட்டினி கிடந்து எடை குறைத்தல், கருத்தடை மாத்திரையை நிறுத்துதல், புதிதாகத் தொடங்கிய மருந்துகள் ஆகியவற்றையும் திகதியோடு எழுதிவையுங்கள். எழுதிய மருந்து எதையும் வைத்தியரைக் கேளாமல் நிறுத்த வேண்டாம்.

நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிவரை உதிர்வது இயல்பு. வாரம் ஒருமுறை தலைமுழுகுபவருக்கு அன்று கூடுதலாகவே வரும்.

அடுத்து, தலை கழுவி ஒரு நாள் கழிந்தபின், ஏறத்தாழ 50 முடிகளை விரல்களுக்கிடையே பிடித்து, அடியிலிருந்து நுனிவரை மென்மையாக இழுத்துப் பாருங்கள். பல இடங்களிலும் ஐந்தாறுக்கு மேல் கையோடு வந்தால் உதிர்வு தொடர்கிறது என்று கொள்ளலாம். அடியில் சிறு வெண்குமிழ் இருந்தால் அது ஓய்ந்து விழுந்த முடி. குமிழின்றி இடையில் முறிந்திருந்தால் சாயமோ சூடோ காரணமாகலாம். உச்சியில் வகிடு மட்டும் அகன்றுவருவது வேறு வகை, பெரும்பாலும் பரம்பரை சார்ந்தது. வட்ட வழுக்கை, செதில், வலி இருந்தால் தாமதிக்காமல் தோல் வைத்தியரிடம் செல்லுங்கள்.

இரத்தப் பரிசோதனையில் பெரும்பாலானோருக்கு முழு இரத்தக் கணக்கு, பெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), தைரொய்ட் மூன்றுமே போதும். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்புச் சேமிப்பு வற்றியிருக்கலாம். மாதவிடாயில் அதிக இரத்தம் போகிறவர்களும் சோற்றுக்குப் பின் உடனே பிளேன்டீ குடிப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும், ஏனெனில் தேநீர் இரும்பு உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. பார்மசியில் முடிக்கென்று பயோட்டின் என்ற விற்றமின் மாத்திரையை வாங்குவதைப் பலர் முதல் வேலையாகச் செய்வது எனக்கு மிகுந்த கவலை தருகிறது. உடலில் அதன் குறைபாடு அரிது. மேலும் அதிக அளவில் எடுத்தால் தைரொய்ட் பரிசோதனை முடிவே பிழையாகலாம் என்பதால், எடுப்பவர்கள் வைத்தியரிடம் சொல்லி, இரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது 2 நாட்கள் முன்பே நிறுத்த வேண்டும்.

காய்ச்சலாலோ மகப்பேற்றாலோ வந்த உதிர்வு பெரும்பாலும் 6 மாதங்களுக்குள் தானாகவே தணியும். அதைக் கடந்தும் தொடர்ந்தால், எழுதிய திகதிகளையும் பரிசோதனை முடிவுகளையும் தோல் வைத்தியரிடம் காட்டுங்கள்.