லயத்துக்கு வாரம் ஒரு விளையாட்டு மணி

லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், தாயும் சின்னப் பிள்ளையும் வாரம் ஒரு மணி நேரம் விளையாட வழி சொல்கிறேன். முதலில் விளையாட்டுச் சாமான் செய்ய வெறும் போத்தல் சேருங்கள். ஷாம்பு போத்தல், யோகட் கப், பால்மா டின் எல்லாம் ஆகும். போஞ்சி விதை போட்டுக் கிலுகிலுப்பை செய்தால் மூடியைப் பசை போட்டு ஒட்டி, மேலே துணி சுற்றித் தைத்துவிடுங்கள். நான் ஒருமுறை இறுக்கி மூடினால் போதுமென்று விட்டேன். இரண்டு வயதுப் பொடியன் அதைத் திறந்து ஒரு விதையை மூக்கில் ஏற்றிக்கொண்டான். லொறியில் டிஸ்பென்சரிக்கு ஓடினோம்.

இலங்கையில் தலவாக்கலைப் பக்கம் ஒரு பிள்ளைக்காம்பராவில், அதாவது வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைத் தோட்டத்தில் பார்த்துக்கொள்ளும் இடத்தில், இருபது வருஷம் இருந்தவள் நான். பிள்ளைக்கு வயிறு நிறைந்தால் மற்றது தானாக வரும் என்றே நினைத்திருந்தேன். ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் 1986-87இல் தொடங்கிய ஆய்வைப் படித்த பிறகுதான் புத்தி வந்தது. வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாத, 9 முதல் 24 மாதப் பிள்ளைகள் 129 பேர். சிலருக்குப் பால் சத்துணவு, சிலருக்கு வாரம் ஒரு மணி நேர விளையாட்டு, சிலருக்கு இரண்டும், சிலருக்கு எதுவுமில்லை. இரண்டு வருஷம் இப்படி. 17 வயதில் பார்த்தால், விளையாட்டுக் கிடைத்தவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் குறைவு. சத்துணவு அந்த வித்தியாசத்தைத் தரவில்லை. இங்கே 2016 கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டப் பிள்ளைகளில் நூற்றுக்கு 32 பேர் அளவில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். அதனால் அந்தச் செய்தி நமக்கும்தான்.

ஜமைக்காவில் இந்த விளையாட்டுக்காக வீடு வீடாகப் போனவர்கள் பட்டதாரிகள் இல்லை, சமூக சுகாதார உதவியாளர்கள். நம் லயத்தில் ஓ/எல் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருக்கும் பிள்ளை போதும். ஆனால் வந்தவள் தாயை ஓரமாக உட்கார வைத்துவிட்டுத் தானே விளையாடினால் வேலை கெட்டது. சாமானைத் தாயின் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். தாய் விளையாட, வந்தவள் பக்கத்தில் இருந்தால் சரி.

“கொழுந்து நிறுவை முடிச்சிட்டு வரவே அஞ்சாகுது, எனக்கு எங்க டீச்சர் நேரம்?” என்று ஒரு தாய் கேட்டாள். நியாயம்தானே. ரொட்டி தட்டும்போது பிள்ளைக்கும் ஓர் உருண்டை மா கொடுக்கச் சொன்னேன். தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போகிற வழியில் கோழி, கல், தேயிலைப் பூ என்று காட்டிப் பேர் சொல்லச் சொன்னேன். அதெல்லாம் விளையாட்டுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நல்லது. சம்பளத்தன்று போகாதீர்கள், யாரும் இருக்கமாட்டார்கள். போகும்போது சாமானை வீட்டில் விட்டு வாருங்கள். அடுத்த வாரம் வேறு கொடுத்து அதை வாங்கலாம். மழை என்று இரண்டு வாரம் விட்டால் மூன்றாம் வாரம் கதவு திறக்காது.

வளர்ந்த பிள்ளை யாராவது சாகணும் என்று பேசினால் அதற்கு இந்தப் போத்தல் வைத்தியமில்லை. அன்றைக்கே 1926 என்ற மனநல உதவி நம்பருக்கு எடுங்கள். அந்த நம்பரைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.