எஸ்.எஸ்.ஆர் கொதிக்கிறதா? பேஸ்ட் வாங்கும் முன் ஒரு கணக்கு

ஹீட்டர் பேனலில் எஸ்.எஸ்.ஆர் (சாலிட் ஸ்டேட் ரிலே, அசையும் பாகம் இல்லாத மின் சுவிட்ச்) அடிக்கடி போனால், பலரும் அதற்கும் ஹீட் சிங்க்குக்கும் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) நடுவே தடவ விலை கூடிய பேஸ்ட்டைத் தேடிப் போகிறார்கள். அதற்கு முன் இந்தக் கணக்கைப் பாருங்கள்.

25 ஆம்பியர் ஓடும்போது எஸ்.எஸ்.ஆரில் சுமார் 30 வாட் சூடு பிறக்கும். அடித்தகடு ஏறக்குறைய 58 × 45 மி.மீ. வெப்பக் கடத்துதிறன் 1 வாட்/மீ.கெ. (மீட்டர்-கெல்வினுக்கு 1 வாட்) உள்ள சாதா வெள்ளை சிலிக்கான் பேஸ்ட்டை 0.1 மி.மீ. கனத்துக்குத் தடவினால், அதைத் தாண்ட ஒன்றேகால் டிகிரிகூடச் செலவாகாது. கடத்துதிறன் 8 உள்ள பேஸ்ட் போட்டாலும் மிச்சம் ஒரே டிகிரி! அதே இடத்தில் கடத்துதிறன் 1.5 உள்ள 1 மி.மீ. தெர்மல் பேடு (சூட்டைக் கடத்தும் மெத்தென்ற தாள்) வைத்தால் சுமார் 8 டிகிரி ஏறும். டப்பாவில் அச்சிட்ட எண்ணைவிடக் கனம்தான் முக்கியம்.

அதனால் எஸ்.எஸ்.ஆருக்கு வெள்ளை பேஸ்ட்டே போதும். பேடு, இரண்டு பரப்பும் ஒட்டாமல் இடைவெளி விழும் போர்டுகளுக்கு. லிக்விட் மெட்டல் (பேஸ்ட்டுக்குப் பதில் தடவும் திரவ உலோகம்) வேண்டவே வேண்டாம். அதிலுள்ள காலியம் அலுமினிய ஹீட் சிங்க்கை அரித்துவிடும்.

1. மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பாருங்கள்.

2. பழைய பேஸ்ட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் நூல் பிரியாத துணியும் கொண்டு துடையுங்கள். ஸ்டீல் ஸ்கேலை ஹீட் சிங்க் மேல் நிறுத்தி, பின்னால் டார்ச் அடியுங்கள். வெளிச்சம் கசிந்தால் பரப்பு வளைந்திருக்கிறது. அதை பேஸ்ட்டால் நிரப்பிச் சமாளிக்க முடியாது.

3. கால் மில்லியிலிருந்து 0.3 மில்லி வரை எடுத்து, பழைய ஏ.டி.எம் கார்டால் இழுத்துப் பரப்புங்கள்.

4. தவறு நடப்பது இங்கேதான். எஸ்.எஸ்.ஆரை வைத்து அழுத்தி, லேசாகத் திருகி, தூக்கிப் பாருங்கள். இரண்டு பக்கமும் முழுத் தடம் பதிந்திருக்க வேண்டும். நடுவில் வெறுமையாக இருந்தால் அங்கே காற்று நிற்கும். அதன் கடத்துதிறன் வெறும் 0.026. ஓரத்தில் கட்டியாகப் பிதுங்கினால் பேஸ்ட் அதிகம். தூக்கியதை அப்படியே திரும்ப வைக்காதீர்கள், காற்றுக்குமிழ் சிக்கிக்கொள்ளும். துடைத்துவிட்டு, அளவைத் திருத்தி மறுபடி தடவுங்கள்.

5. இரண்டு ஸ்க்ரூவையும் மாறி மாறிப் பாதி பாதியாக இறுக்குங்கள். ஒன்றை முழுதாக முறுக்கிவிட்டு மற்றதற்குப் போனால் தகடு ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும்.

இத்தனைக்கும் பிறகு சூடு குறையவில்லையா? ஹீட் சிங்க் இடுக்குகளைப் பாருங்கள். தறிக்கூடத்துப் பஞ்சும் சேகோ ஆலை மாவும் அடைத்திருந்தால் எந்த பேஸ்ட்டும் உதவாது.

பின்சேர்க்கை: அடித்தகட்டில் மின்சாரம் இருக்கும் மாஸ்ஃபெட் (ஒரு வகை டிரான்சிஸ்டர்) என்றால், மின்சாரத்தைத் தடுக்கும் மைக்கா ஷீட் வைத்து இருபுறமும் பேஸ்ட் தடவுங்கள். எஸ்.எஸ்.ஆரின் அடித்தகடு உள்ளேயே இன்சுலேட் ஆனது, மைக்கா தேவையில்லை.

ஏற்காட்டில் பேனல் வைப்பவர்களுக்கு: அங்கே உயரம் சுமார் 1,500 மீட்டர், காற்று மெலிது, அதனால் சூட்டைக் குறைவாகவே எடுத்துச் செல்லும். குளிர்ந்த ஊர்தானே என்று விட்டுவிடாமல், 1,000 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 1 சதவீதம் என்ற வழக்கமான கணக்கில் லோடை 5 சதவீதம் குறைத்து வையுங்கள்.