நீலகிரித் தைலத்தை மைக்ரோகேப்சூலுக்குள் அடைப்பது எப்படி?

தைலம் சீக்கிரம் ஆவியாகிவிடும். மெல்லிய பாலிமர் உறைக்குள் அடைத்துவிட்டால், உறை உடையும்போதுதான் வாசம் வெளியே வரும். 1950களில் அமெரிக்காவின் என்.சி.ஆர். நிறுவனம் கார்பன் இல்லாத நகல் தாளுக்குப் பயன்படுத்திய ஜெலட்டின் முறையையே நான் பின்பற்றுகிறேன்.

2 கிராம் ஜெலட்டினை 100 மில்லி காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, 45 டிகிரியில் கரையுங்கள். ஜெலட்டின் 'டைப் ஏ'வாக (அமிலத்தில் பதப்படுத்தி எடுத்தது) இருக்கட்டும். இன்னொரு பீக்கரில் 2 கிராம் கம் அராபிக் (ஒருவகை வேல மரத்துப் பிசின்), அதே அளவு நீர், அதே சூடு. கருவேலம் பிசின் வேறு மரத்துப் பிசின், அதை இதற்குப் பதிலாகப் போடாதீர்கள்.

தைலம் 2 கிராமுடன் சூரியகாந்தி எண்ணெய் 2 கிராம் கலந்து, ஜெலட்டின் கரைசலில் ஊற்றி ஹேண்ட் பிளெண்டரால் அடியுங்கள். தைலத்தின் முக்கியப் பொருளான சினியோல் தண்ணீரில் ஓரளவு கரையும். சமையல் எண்ணெய் அதைத் துளிக்குள்ளேயே பிடித்துவைக்கும். பால்போல் ஆனதும் பிசின் கரைசலைச் சேர்த்து, காந்தக் கலக்கியில் மிதமாகச் சுற்றவிடுங்கள்.

இனிமேல் அவசரமே கூடாது. பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு, அமிலம் கூடினால் இது குறையும்) குறையும்போது ஜெலட்டின் நேர்மின்சுமை பெறும். பிசினுக்கு எதிர்மின்சுமை. இரண்டும் ஒன்றையொன்று இழுத்து, கெட்டியான திரவமாகப் பிரிந்து எண்ணெய்த் துளிகள்மேல் படியும். பத்து சதவீத அசிட்டிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு பிஎச்சை 4-க்குக் கொண்டுவாருங்கள். 4.5-ஐ நெருங்கியதும் ஒவ்வொரு சொட்டுக்குப் பின்னும் மீட்டர் எண் நிலைக்கட்டும். வேகமாக விட்டால் கட்டிகள் உருவாகிப் பீக்கரின் அடியில் ஒட்டிக்கொள்ளும். ரொம்பக் கீழே போனால் பிசினின் மின்சுமை குறைந்து, பிரிந்த உறை மறுபடி கரைந்துவிடும். பிஎச் தாளை நம்பாதீர்கள், அரைப் புள்ளி வித்தியாசத்தில் எல்லாம் மாறிவிடும். பிஎச் 4, 7 என்று தெரிந்த பஃபர் கரைசல்களில் சரிபார்த்த மீட்டர்தான் சரி. ஒரு துளியை நுண்ணோக்கியில் பாருங்கள்: எண்ணெயைச் சுற்றி வளையம் தெரிந்தால் உறை படிந்துவிட்டது.

அப்புறம் ஐஸ் தண்ணீரில் வைத்து, கலக்குவதை நிறுத்தாமல் 10 டிகிரிக்குக் கீழே மெல்லக் குளிரவிடுங்கள். நிறுத்தினால் உறைகள் ஒன்றோடொன்று ஒட்டும். கடைசியாக உறையை இறுக்க, ஒரு சதவீத டானிக் அமிலக் கரைசல் 10 மில்லியை மெதுவாகச் சேருங்கள். ஆய்வகங்களில் குளூட்டரால்டிஹைடு போடுவார்கள். அது கண்ணையும் மூச்சையும் தாக்கும், ஃபியூம் ஹுட் (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டு) இல்லாமல் தொடவே வேண்டாம். வடிகட்டி, குளிர்ந்த நீரில் கழுவி, ஈரமாகவே ஃபிரிட்ஜில் வைக்கலாம்.

பின்சேர்க்கை: போர் தண்ணீரில் செய்தவருக்கு உறையே வரவில்லை. தண்ணீரிலுள்ள உப்புகள் மின் ஈர்ப்பை மறைத்துவிடும், அதனால்தான் காய்ச்சி வடித்த நீர். எலுமிச்சைப்புல் எண்ணெயில் சிக்கல் வந்ததாக இன்னொருவர் எழுதியிருந்தார். அதில் பெரும்பகுதி சிட்ரால், அதுவும் குளூட்டரால்டிஹைடு போல ஓர் ஆல்டிஹைடு என்பதால் ஜெலட்டினுடனே வினைபுரியும். வேறு எண்ணெய் வேண்டுமென்றால் ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் தொடங்குங்கள், அதில் பெரும்பகுதி லிமோனீன்தான், அது ஆல்டிஹைடு அல்ல.