அம்மா அப்பாவோடு ஒரே வீட்டில்: கனடாவுக்குப் புதிதாக வந்தவர்கள் கையெழுத்து வைக்கும் முன்

யாழ்ப்பாணத்தில், எங்கள் ஊரில், பெற்றோர் வீட்டை மகளுக்குச் சீதனமாக எழுதும்போது சீவிய உரித்தைத் தங்களுக்கு வைத்துக்கொள்வார்கள். மறந்தாலும் நொத்தாரிசு நினைவுபடுத்துவார். வீடு மகளுடையதுதான், ஆனால் கண் மூடும்வரை அவர்களை அந்த விறாந்தையிலிருந்து எழுப்ப யாராலும் முடியாது. இங்கேயும் அப்படித்தான் என்று நம்பிக் காசைக் கொடுத்தவர்கள் என் பெரியப்பாவும் பெரியம்மாவும். அவர்களுக்கு நடந்தது இன்னொரு குடும்பத்துக்கு நடக்கக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் விசா விஷயம். பெற்றோரைக் கொண்டுவர இரண்டு வழி. சூப்பர் விசா என்றால் ஒரு தடவை வந்து 5 வருடம் வரை இருக்கலாம். ஆனால் அவர்கள் விருந்தாளிகள்தான். நாங்கள் இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தின் மருத்துவ அட்டை கிடைக்காது, குறைந்தது 100,000 டொலருக்குத் தனியார் காப்புறுதி எடுக்கவேண்டும். ஸ்பொன்சர் செய்தால் நிரந்தர வதிவிடம் கிடைக்கும். அதற்கு 2020இல் பெயர் கொடுத்தவர்களின் பட்டியலிலிருந்துதான் கடந்த சில வருடங்களாக அழைத்தார்கள். கியூபெக் தவிர மற்ற இடங்களில், இப்போது ஸ்பொன்சர் செய்பவர் 20 வருடத்துக்கு அவர்களின் செலவுக்குப் பொறுப்பு. முதியோர் ஓய்வூதியம் 65 வயதானதும் தானாக வந்துவிடாது, பொதுவாக இங்கே 10 வருடமாவது வாழ்ந்திருக்க வேண்டும். இந்தப் பத்து வருடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்ப வரும்.

பெரியப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். இருவரும் 2013இல் ஸ்பொன்சரில் வந்தார்கள். 2015இல் அவர்களின் மகளான அக்காவும் அத்தானும் ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரில் வீடு வாங்கத் தேடியபோது முதல் கட்டும் காசு போதவில்லை. கோண்டாவில் வீட்டை விற்றுவிட்டு வாருங்கள், கீழே பேஸ்மென்டில் உங்களுக்குத் தனியாக அறையும் குசினியும் போட்டுத் தருகிறோம் என்றார்கள். அதில் ஒரு பொய்யும் இல்லை, அப்படியே போட்டும் கொடுத்தார்கள். பெரியப்பா ஊருக்குப் போய் வீட்டை விற்றார். பின்வளவில் அவர் கையாலேயே வைத்த பலாவில் அந்த வருடம்தான் நன்றாகக் காய்த்திருந்தது என்று இன்றைக்கும் சொல்வார்.

அடைமானக் கடன் கொடுத்த வங்கி ஒரு கடிதம் கேட்டது. ஒரே பக்கம். இந்தக் காசு அன்பளிப்பு, திருப்பிக் கேட்கமாட்டோம், வீட்டில் எங்களுக்கு எந்த உரிமையும் இல்லை. அவ்வளவுதான் அதன் சாரம். பெரியப்பா சட்டைப்பையில் இருந்த பேனாவை எடுத்து, பள்ளிக்கூடத்தில் தேர்ச்சி அறிக்கைக்கு வைப்பதைப்போல முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்து வைத்தார். பெரியம்மாவும் பக்கத்தில் வைத்தார். "வங்கிக்குத் தேவையான ஒரு பேப்பர்" என்றுதான் இருவருக்கும் சொல்லப்பட்டது.

2019இல் அக்காவும் அத்தானும் பிரிந்தார்கள். வீட்டை விற்று, கடனைக் கட்டி, மிச்சத்தைப் பாதி பாதியாகப் பிரித்தார்கள். பெரியப்பா தன் காசைக் கேட்டபோது மற்றப் பக்கத்துச் சட்டத்தரணி அந்தக் கடிதத்தை எடுத்து வைத்தார்.

இதன் சட்டம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. பெற்றோர் வளர்ந்த பிள்ளைக்குப் பதிலுக்கு எதுவும் வாங்காமல் காசு கொடுத்தால், அது அன்பளிப்பு என்று நிரூபிக்கும் பொறுப்பு பிள்ளையின் பக்கத்துக்குத்தான் என்று கனடா உச்ச நீதிமன்றம் 2007இல் பெக்கோர் வழக்கில் சொன்னது. அதாவது சட்டம் தொடக்கத்தில் பெற்றோர் பக்கம் நிற்கிறது. ஆனால் அந்தக் கடிதத்தில் கையெழுத்து வைக்கும்போது எதிர்த்தரப்புக்குத் தேவையான சாட்சியத்தை நாங்களே எழுதிக் கொடுத்துவிடுகிறோம். அடுத்தது, ஒன்ராறியோவில் கலியாணத்துக்குப் பிறகு ஒருவருக்கு வெளியார் கொடுத்த அன்பளிப்பைப் பங்கு பிரிக்கும்போது விலக்கி வைக்கலாம். அதே காசைக் குடும்பம் குடியிருக்கும் வீட்டில் போட்டால் அந்த விலக்குப் போய்விடும். அக்காவுக்கென்று கொடுத்த காசில் பாதி அத்தானுக்குப் போனது இப்படித்தான்.

அந்த நேரம் பெரியப்பாவுக்குப் பத்து வருடம் நிரம்ப இன்னும் 4 வருடம் இருந்தது. பென்ஷனும் இல்லை, வீடும் இல்லை, ஊரில் திரும்பிப் போக ஒரு கூரையும் இல்லை. அக்கா இரண்டு வேலை செய்து ஸ்காபரோவில் ஒரு அடுக்குமாடியில் அவர்களை வைத்துப் பார்த்தாள். அவளை நான் ஒருநாளும் குறை சொல்லமாட்டேன்.

சரி, என்ன செய்யலாம்? வங்கியிடம் அன்பளிப்பு என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் கடன் பத்திரம் எழுதி வைப்பதை மட்டும் செய்யாதீர்கள். அது வங்கிக்குச் சொல்லும் பொய், பெரிய சிக்கலில் கொண்டுபோய் விடும். கடன் என்றால் கடன் என்றே வங்கிக்குச் சொல்லி, வீட்டின் மேல் இரண்டாவது அடைமானமாகப் பதிவு செய்யலாமா என்று கேளுங்கள். எல்லா வங்கியும் ஒத்துக்கொள்ளாது, தேடவேண்டி வரும். அல்லது பெற்றோரின் பெயரையும் வீட்டு உரிமையில் போட்டு, யாருக்கு எத்தனை வீதம் என்று பங்கு பிரித்து எழுதுங்கள். கணவனும் மனைவியும் ஆளுக்கொரு சட்டத்தரணியை வைத்து, பெற்றோர் போட்ட காசு இவ்வளவு, அது பங்கில் வராது என்று ஒப்பந்தம் எழுதவும் வழியுண்டு. மருமகனிடம் இதைக் கேட்க வெட்கமாக இருக்கும், தெரியும். ஊரில் உறுதி எழுதும்போது யாரும் வெட்கப்படுவதில்லையே.

ஆனால் சூப்பர் விசாவில் வந்த பெற்றோர் என்றால் அவர்களின் பெயரை உரிமையில் போட அவசரப்படாதீர்கள். வெளிநாட்டவர் வீடு வாங்குவதற்கான தடையை 2027 ஜனவரி 1 வரை நீட்டியிருக்கிறார்கள். அதைவிட, வாங்குபவர்களில் ஒருவர் வெளிநாட்டவராக இருந்தாலும் ஒன்ராறியோவில் வீட்டின் முழு விலைக்கும் 25 வீத வரி விழும்.

பேஸ்மென்ட் கட்டுவதென்றால் நகரசபை அனுமதியோடு கட்டுங்கள். தனி வாசல், குசினி, குளியலறை, படுக்கும் இடம் என்று முறையாகக் கட்டி, 65 வயது தாண்டிய பெற்றோர் அதில் இருந்தால், 2023இலிருந்து ஒரு வரிக்கழிவு இருக்கிறது. 50,000 டொலர் வரையான செலவுக்கு, அந்தக் கழிவு தொடங்கிய 2023இல் அதிகபட்சம் 7,500 டொலர் கிடைத்தது. பற்றுச்சீட்டுகளைக் கவனமாக வைத்திருங்கள். குசினியைத் தனியாகவே போடுங்கள். பெரியம்மா விடிய 5 மணிக்குத் தேத்தண்ணி போடுபவர். அந்தக் கீழ்க் குசினி இருந்த நாலு வருடமும் யாருடைய நித்திரையும் குழம்பாமல் தன் பாட்டில் அடுப்பை மூட்டினார்.

கடைசியாக ஒன்று. அந்தக் கடிதம் மேசைக்கு வந்தால் அன்றைக்கே கையெழுத்து வைக்கவிடாதீர்கள். உங்கள் சட்டத்தரணியிடம் இல்லை, அம்மா அப்பாவுக்கென்று தனியாக ஒருவரிடம் கொண்டுபோங்கள். அவர் ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லட்டும். நீங்கள் அந்த நேரம் வெளியே இருங்கள். உள்ளே அவர்கள் கேட்கவேண்டிய கேள்விகளை உங்களுக்கு முன்னால் கேட்கமாட்டார்கள்.