குற்றவியலின் கட்டுப்பாட்டுக் கோட்பாடு: அறிக்கை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரி பக்கம் சமூகப்பணிப் பயிற்சிக்கு வரும் மாணவர்கள், சட்டத்தோடு முரண்பட்ட சிறுவர்களைப் பற்றி எழுதும் சமூக விசாரணை அறிக்கைகளைத் திருத்துகிறேன். தேதிப் பிழை, பெயர்க் குழப்பமெல்லாம் தானாகச் சரியாகிவிடும். நான் அன்று செய்த தவறையே இவர்களும் செய்வதைத்தான் பொறுக்க முடியவில்லை.

'மனிதன் பிறவியிலேயே கெட்டவன்' என்று படிப்பது

கட்டுப்பாட்டுக் கோட்பாட்டை முன்வைத்த அமெரிக்கக் குற்றவியலாளர் டிராவிஸ் ஹிர்ஷி, 1969-இல் கேள்வியைத் திருப்பிப் போட்டார். சிலர் ஏன் குற்றம் செய்கிறார்கள் என்பதை விட்டு, மற்றவர்கள் ஏன் செய்வதில்லை என்று கேட்டார். சுலபமாகக் கிடைப்பதை எடுத்துக்கொள்ளும் ஆசை எல்லோருக்கும் உண்டு. பிடித்து நிறுத்துபவை நான்கு பிணைப்புகள்: பாசம், கெட்டுவிடக் கூடாதென்று காக்கும் படிப்பும் பெயரும், நேரத்தை நிரப்பும் வேலை, விதிகள் சரியென்ற நம்பிக்கை.

இதை அரைகுறையாகப் படித்துவிட்டு என் முதல் அறிக்கையில், தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டுப் பையன் ஒருவனை 'இயல்பிலேயே திருடும் குணமுள்ளவன்' என்று எழுதினேன். வயது 15. எடுத்தது ஒரு செல்போன். கொழுந்து பறிக்கப் போகும் அம்மா, மாலை எடை போட்ட பிறகுதான் வீடு திரும்புவார். அவன் பள்ளிக்குப் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. ஏன் என்று கேட்க ஆளில்லை. இதெல்லாம் என் குறிப்பேட்டில் இருந்தது, அறிக்கையில் வரவில்லை. அந்த ஒரு வரி மட்டும் கோப்பில் தங்கிவிட்டது. அடுத்து வந்தவர்களும் அதையே பார்த்து எழுதினார்கள். இன்றும் மனசு ஆறவில்லை.

பிறப்பை வைத்துக் குற்றவாளி என்று முத்திரை குத்தியது 1871-இன் குற்றப் பரம்பரைச் சட்டம். சென்னை மாகாணத்துக்கு 1911-இல் வந்து 1947 வரை இருந்தது. ஹிர்ஷி சொல்வது அதற்கு நேர் எதிர்: ஆசையில் ஆளுக்கு ஆள் பெரிய வித்தியாசம் கிடையாது, பிணைப்பில்தான் வித்தியாசம். அப்படியானால் அறுந்தது எது என்று எழுத வேண்டியது நம் வேலை.

'ஐந்தில் வளையாதது' என்று முடிப்பது

மைக்கேல் காட்ஃபிரெட்சன் என்ற குற்றவியலாளருடன் சேர்ந்து ஹிர்ஷி 1990-இல் சொன்னது வேறு: தன்னடக்கம் எட்டு, பத்து வயதுக்குள் வளர்ப்பில் உருவாகிறது, பிறகு அதிகம் மாறாது. இதை 1969-உடன் குழப்பாதீர்கள். நிலையான வேலையும் நல்ல மணவாழ்வும் வளர்ந்தவனையும் திருப்பும் என்று சாம்ப்சன், லாப் என்ற இரு குற்றவியல் ஆய்வாளர்கள் 1993-இல் காட்டினார்கள்.

'பொழுதுபோக்கு இல்லாததால்' என்று காரணம் எழுதுவது

கேரம் போர்டு வாங்கிக் கொடுத்தால் தீராது. நான்கு பிணைப்புகளில் ஆய்வுகளின் ஆதரவு குறைந்தது, நேரத்தை நிரப்பும் வேலை என்ற இந்தப் பிணைப்புதான்.

வீட்டுக்குப் போகாமல் எழுதுவது

எழுதாதீர்கள். சிறார் நீதிச் சட்டம் இந்த அறிக்கைக்கு 15 நாள் தருகிறது. அதில் ஒரு மாலை, அம்மா எடை போட்டுவிட்டுத் திரும்பும் நேரத்துக்குப் போங்கள்.