நுண்கணித வகுப்பில் சேரும் முன்

முதலாண்டு நுண்கணித விடைத்தாள்களைத் திருத்தும்போது எனக்கு வருத்தம் தருவது ஒன்று உண்டு. வகைக்கெழு, அதாவது ஒரு அளவு மாறும் வீதம், அதைக் காணும் விதியை மாணவர் சரியாகவே போட்டிருப்பார். அடுத்த வரியில் பின்னத்தைக் கூட்டும்போதோ அடைப்புக்குறியை விரிக்கும்போதோ கணக்கு சாய்ந்திருக்கும். அதனால், என்ன புத்தகம் வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் பள்ளி இயற்கணித நோட்டை முதலில் எடுக்கச் சொல்வேன்.

முன்தகுதி என்று பாடத்திட்டத்தில் ஒரே வரிதான் இருக்கும். அந்த வரிக்குள் காரணிப்படுத்தல், பின்னங்கள், அடுக்குகள், மடக்கை, சார்புகளும் வரைபடங்களும், முக்கோணவியல் எல்லாம் அடக்கம். 9-ஐயும் 16-ஐயும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 5. தனித்தனியாக மூலம் எடுத்துக் கூட்டினால் 7. எண்ணாக இருக்கும்வரை யாரும் இதில் தடுமாறுவதில்லை. எழுத்து வந்ததும் மூலக்குறியை இரண்டாகப் பிரித்துவிடுகிறார்கள்.

எல்லை பாடத்தின் முதல் கணக்குகளையே பாருங்கள். எக்ஸ் வர்க்கம் கழித்தல் 9, அதை எக்ஸ் கழித்தல் 3-ஆல் வகுக்கிறோம். எக்ஸ் 3-ஐ நெருங்கும்போது மதிப்பு என்ன? நேரே 3-ஐப் போட்டால் மேலும் பூஜ்யம், கீழும் பூஜ்யம். காரணிப்படுத்தத் தெரிந்தவருக்கு எக்ஸ் கூட்டல் 3 மிஞ்சும், விடை 6. தெரியாதவருக்கு எல்லை என்ற கருத்தே புரியாத ஒன்றாகத் தோன்றிவிடும். அது அநியாயம், ஏனென்றால் அந்தக் கருத்து உண்மையில் அவ்வளவு கடினமானதில்லை.

அப்புறம் ரேடியன், பாகையைப் போலக் கோணத்தை அளக்கும் இன்னொரு அலகு. கால்குலேட்டரை ரேடியனில் வைத்து, 0.1-இன் சைனை 0.1-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.9983 வரும். பாகையில் வைத்தால் 0.01745. சைனின் வகைக்கெழு கொசைன் என்ற விதி ரேடியனில்தான் அப்படியே பொருந்தும். பாகையில் அளந்தால், பை (π) என்ற எண்ணை 180-ஆல் வகுத்தால் வருவது ஒவ்வொரு முறையும் கூடவே வரும். தேர்வு அறைக்குள் நுழையும் முன் கால்குலேட்டர் எதில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

புத்தகத்தின் பழைய பதிப்பு பாடம் படிக்கப் போதும். ஆனால் பயிற்சிக் கணக்குகளின் எண்கள் மாறியிருக்கலாம், அதனால் வீட்டுப்பாடத்துக்கு முன் புதிய பதிப்பு வைத்திருப்பவரிடம் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். வீட்டுப்பாடம் இணையத்தில்தான் என்றால், அதற்கான நுழைவுக் குறியீடு பழைய பிரதியோடு கிடைக்குமா என்று கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள். இலவசப் பாடநூல்களை வெளியிடும் ஓபன்ஸ்டாக்ஸின் நுண்கணிதப் புத்தகம் மூன்று தொகுதிகளாக இணையத்தில் இலவசம். முதல் தொகுதி சார்புகளில் தொடங்கி எல்லை, வகைக்கெழு, தொகையீடுவரை போகிறது; முதல் பருவத்துக்குப் பெரும்பாலும் அதுவே போதும்.

வரைபடக் கால்குலேட்டரை அவசரப்பட்டு வாங்க வேண்டாம். தேர்வில் அனுமதி உண்டா என்று முதலில் கேளுங்கள். அனுமதி இல்லையென்றால் பயிற்சியையும் அது இல்லாமலே செய்யுங்கள். வரைபடம் பார்க்க ஜியோஜீப்ரா, டெஸ்மோஸ் போன்ற இணையச் செயலி ஒன்று போதும். வளைவரையில் இரண்டு புள்ளிகளை இணைக்கும் கோடு, புள்ளிகள் நெருங்க நெருங்க, தொடுகோடாக மாறுவதை ஒருமுறை நீங்களே நகர்த்திப் பாருங்கள். நான் கரும்பலகையில் எத்தனை படம் போட்டாலும் அதற்கு ஈடாகாது.

தாள் மட்டும் தாராளமாக வாங்குங்கள். தீர்த்த எடுத்துக்காட்டைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு முதல் வரியிலிருந்து நீங்களே எழுதுங்கள். எங்கே கை நிற்கிறதோ அங்கேதான் உங்களுக்குப் பாடம் வேண்டும்.

பாடத்திட்டத்தில் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: இறுதித் தேர்வுக்கு எவ்வளவு மதிப்பெண், தவறவிட்ட தேர்வுக்கு என்ன விதி, பாடத்தை விட்டு விலகக் கடைசித் தேதி எது. தகுதிச் சோதனை இருந்தால் யார் உதவியும் இல்லாமல் எழுதுங்கள். மதிப்பெண் குறைந்தால் தயக்கமே வேண்டாம், நுண்கணிதத்துக்கு முந்தைய பாடத்தை ஒரு பருவம் எடுத்துவிட்டு வாருங்கள்.